நம்பிக்கைக்கு ஒரு தவணை (2024 பொதுத் தேர்தலுக்குப் பின் எழுதியது)

அன்புள்ள எழுத்தாளருக்கு,

புதிய அரசாங்கத்தைப் "பொறுத்துப் பார்க்கலாம்" என்று நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தபோது கோபம்தான் வந்தது. 2015 ஜனவரி ஜனாதிபதித் தேர்தலில் விடியவே வரிசையில் நின்று மைத்திரிபாலவுக்குப் புள்ளடி போட்டவள் நான். 'நல்லாட்சி' என்ற அவருடைய அரசாங்கம் வந்தது, போனது. விசாரணையில்லாமல் ஆட்களை அடைத்துவைக்க இடம்கொடுக்கும் பயங்கரவாதத் தடைச் சட்டம் மட்டும் அசையவில்லை. இப்போது ஜனாதிபதி அநுர. வடக்கையும் கிழக்கையும் பிரிக்கச் சொல்லி 2006 இல் நீதிமன்றம் போனது இவருடைய ஜே.வி.பி. கட்சிதானே? அதை மறந்துவிட்டு நம்பச் சொல்கிறீர்களா? நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்பதையாவது சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற ஆசிரியை, கரவெட்டி

அன்புள்ள ரீச்சர்,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: சொல்ல மாட்டேன். குடியியல் படிப்பித்திருக்கக்கூடிய ஒருவர் இரகசிய வாக்கைப் பற்றி இப்படிக் கேட்கலாமா?

2006 ஐ நான் மறக்கவில்லை, யாரையும் மறக்கச் சொல்லவும் இல்லை. ஜே.வி.பி. தரப்பு போட்ட வழக்கில்தான் இணைப்புச் செல்லாது என்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இவர்களுடைய மனம் மாறிவிட்டது என்று நான் எங்கும் எழுதவில்லை. மனத்தை யார் கண்டார்? மாறியிருப்பது கணக்கு. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் யாழ். மாவட்டத்தில் அநுரவுக்கு விழுந்தவை 27,086 வாக்குகள், ஏழு வீதம். நவம்பர் 14 பொதுத் தேர்தலில் அவருடைய தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டிச் சின்னத்துக்கு 80,830. ஆறு ஆசனங்களில் மூன்று. தமிழரசுக் கட்சியின் வீட்டுச் சின்னத்துக்கு ஒன்றுதான். மைத்திரிக்கு நாங்கள் 74 வீதம் கொடுத்தோம், உண்மை. ஆனால் அது பெரும்பாலும் மகிந்தவுக்கு எதிராகப் போட்ட புள்ளடி. பிறகு எதைக் கேட்டாலும் தெற்கு பொறுக்காது, பாராளுமன்றத்தில் பலம் போதாது என்ற சாட்டுத்தான் கிடைத்தது. இப்போது 225 பேரில் 159 பேர் இவர்களுடைய ஆட்கள். மூன்றில் இரண்டுக்கு 150 போதும். சொல்வதற்குச் சாட்டே இல்லாத ஓர் அரசாங்கத்தைக் கண்டிருக்கிறோம். என் நம்பிக்கை அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சதமும் இல்லை.

நவம்பர் முதலாம் திகதி திறந்த பலாலி வீதியைப் போய்ப் பார்த்தேன். படையினரின் பிடியில் 34 ஆண்டுகளாக அடைபட்டுக் கிடந்த பாதை. அப்போது காலை ஆறு மணியிலிருந்து மாலை ஐந்து மணி வரைதான் போகலாம் என்றிருந்தது. நடந்து போகக்கூடாது, வாகனத்தை நிறுத்தக்கூடாது, படம் எடுக்கக்கூடாது என்றும் இருந்தது. எனக்கு முன்னால் போன மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் ஒரு முதியவர். கம்பி வேலிக்கு அப்பால் கூரையில்லாத ஒரு சுவர் தெரிந்ததும் அவருடைய தலை திரும்பியது. வண்டி போய்க்கொண்டிருக்க, கழுத்து முறியும் மட்டும் பின்னால் பார்த்துக்கொண்டே போனார். அவருடைய காணியோ என்னவோ, நிறுத்திக் கேட்கவும் வழியில்லை. வீதி திறந்தது நல்லது, அதை நல்லது என்றே எழுதுவேன். படையினர் வைத்திருந்த இரு புறக் காணி அப்போது விடுபட்டிருக்கவில்லை. தேர்தலுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது திறந்தார்கள் என்பதும் என் கண்ணில் படாமல் இல்லை.

காணி விடயத்தில் படையினரைச் சமாளிக்க வேண்டும், காலம் எடுக்கும் என்பார்கள். சரி. பேனா மட்டும் தேவைப்படும் வேலைகளைப் பாருங்கள். எங்கள் வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு ஆளுநர் ஆட்சிதான். தேர்தல் ஏன் நடக்கவில்லை? 2017 இல் தேர்தல் முறையை மாற்றிச் சட்டம் திருத்தினார்கள். புதிய முறைக்காகத் தொகுதிகளின் எல்லைகளை வகுத்த எல்லை நிர்ணய அறிக்கை அடுத்த ஆண்டு பாராளுமன்றத்துக்கு வந்தபோது, அதைச் சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார்! ஆதரவாக ஒருவர்கூட இல்லை. பழைய முறைக்கும் போக முடியாது, புதிய முறையும் இல்லை. இந்த முடிச்சை அவிழ்க்கச் சாதாரண பெரும்பான்மையில் ஒரு திருத்தம் போதும். மூன்றில் இரண்டுகூட வேண்டாம். ஓர் ஆண்டுக்குள் மாகாண சபைத் தேர்தலை நடத்துவோம் என்று இவர்களே தேர்தல் விஞ்ஞாபனத்தில் எழுதியிருக்கிறார்கள்.

பயங்கரவாதத் தடைச் சட்டமும் அப்படித்தான். 1979 இல் தற்காலிகம் என்று கொண்டுவந்து 1982 இல் நிரந்தரமாக்கியது. அதன் சூட்டை ஜே.வி.பி. இளைஞர்களும் கண்டவர்கள். நீக்குவோம் என்பதும் விஞ்ஞாபனத்தில் இருக்கிறது. வேறு பெயரில் அதையே திரும்பக் கொண்டுவந்தால் அதை நீக்கமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன்.

எங்கள் தமிழ்க் கட்சிகளைப் பற்றியும் நீங்கள் ஒரு வரி எழுதியிருக்கலாம். ஆளுக்கொரு பக்கம் பிரிந்து நின்று, வாக்குக் குறைந்த பிறகு மக்கள் துரோகம் செய்தார்கள் என்று பேசுகிறார்கள். 80,830 பேரும் ஏமாளிகள் அல்ல. விலைவாசி, வேலை, லஞ்சம் என்று அவர்களிடம் கேள்விகள் இருந்தன. அவற்றுக்கு இங்கே யாரும் பதில் வைத்திருக்கவில்லை.

எங்கள் மாவட்டத்தின் ஆளுங்கட்சி உறுப்பினர்கள் மூவரும் இங்கேதான் இருக்கிறார்கள். மாகாண சபைத் திருத்தம் எப்போது வரும் என்று ஒரு கடிதம் எழுதுங்கள், நானும் எழுதுகிறேன். 2025 நவம்பர் வரை என் தவணை. அதற்குள் தேர்தலுக்கான அறிவித்தல் வராவிட்டால் இதே கோபத்தோடு எனக்கு மறுபடி எழுதுங்கள், ரீச்சர். ஓர் எழுத்தும் வெட்டாமல் வெளியிடுவேன்.