வேக்போர்டில் எழும்போது முதுகு இழுத்துப் பிடிக்காமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி கேட்டவர் நாற்பது வயதைக் கடந்தவர். நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து வேலை பார்ப்பவர். வேக்போர்டில், அதாவது படகு கயிற்றால் இழுக்க இரு கால்களையும் மாட்டிக்கொண்டு நீர்மேல் சறுக்கிச் செல்லும் பலகையில், எழ முயலும்போதெல்லாம் கீழ்முதுகு இழுத்துப் பிடிப்பதாகவும், உடற்பயிற்சிக் கூடத்தில் முதுகுக்கு இன்னும் வலு ஏற்ற வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். வலு ஏற்றுவது நல்லதுதான். ஆனால் நீரிலிருந்து எழுவதற்கு முதுகின் வலு மிகக் கொஞ்சமே தேவை. முதுகு வலிக்கிறது என்றால், படகு செய்ய வேண்டிய வேலையை முதுகு செய்துகொண்டிருக்கிறது என்று பொருள். சிங்கப்பூரின் பொங்கோல் பக்கக் கடலில், புதிதாகப் பழகுபவர்களைப் படகிலிருந்து கவனித்துச் சொல்லிக்கொடுப்பது என் வழக்கம். நல்ல உடற்கட்டு உள்ளவர்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு படகேறுவதையும், அவர்களில் பாதி வலுக்கூட இல்லாதவர்கள் அலட்டிக்கொள்ளாமல் எழுந்து போவதையும் அங்கே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

ஓடும் ஆற்றில் ஒரு தாம்பாளத்தை நீரோட்டத்துக்கு நேர் எதிராகப் பிடித்தால் கை தாங்காது. அதையே சற்றுச் சாய்த்தால், நீர் அடியில் புகுந்து அதை மேலே தூக்கிவிடும். வேக்போர்டின் அடிப்பகுதிக்கும் நேர்வது இதுதான். படகு இழுக்கத் தொடங்கியதும் கால்களை நீட்டிப் பலகையை உதைப்பவர், அதன் அகன்ற அடிப்பகுதியை நீருக்கு எதிரே சுவர் போல நிறுத்திவிடுகிறார். பலகை நகர மறுக்கிறது, கயிறோ கைகளை முன்னே இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவே உடல் இடுப்பில் மடிய, கைப்பிடியின் முழு இழுவையையும் கீழ்முதுகுத் தசைகள் ஏற்க நேர்கிறது. முழங்கால்கள் மடிந்தே இருந்தால் பலகை தானாகச் சாய்ந்து, நீர் அதன் அடியில் சென்று, சில நொடிகளில் மேற்பரப்புக்கு வந்துவிடும்.

பலகையின் வரலாறும் இதையே காட்டுகிறது. 1985இல் அமெரிக்காவின் டோனி ஃபின் கொண்டுவந்த ஸ்கர்ஃபர் என்ற முன்னோடிப் பலகை குறுகலாகவும் மிகுந்த மிதப்புடனும் இருந்ததால், ஆழநீரில் அதை அமிழ்த்தி வைத்துப் புறப்படுவதற்கே தனி வலு வேண்டியிருந்தது. 1990இல் ஹெர்ப் ஓ'பிரையன் வெளியிட்ட ஹைப்பர்லைட் பலகையின் மிதப்பு சமநிலைப்படுத்தப்பட்டிருந்தபடியால், அதை எளிதாக நீருக்குள் வைத்துக்கொண்டு காத்திருக்க முடிந்தது. எழுவது எளிதானது பலகை மாறியதால்தான். மனிதர்களின் முதுகு அப்படியேதான் இருந்தது.

இனி உடலை வைத்திருக்கும் முறையைச் சொல்கிறேன். நீரில் மல்லாந்து மிதந்தபடி, பலகை கயிற்றுக்குக் குறுக்காக இருக்குமாறு வைத்து, குதிகால்கள் பின்புறத்தைத் தொடும் அளவுக்கு முழங்கால்களை மார்போடு சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் குத்துக்காலிட்டு உட்காருவோமே, அதே நிலை. கைகள் முழங்கால்களுக்கு வெளிப்புறமாக, முழுதும் நீண்டிருக்க வேண்டும். முழங்கையை மடக்கிக் கைப்பிடியை மார்புக்கு இழுப்பதுதான் நான் காண்பவற்றில் மிகுதியாக முதுகைப் பதம் பார்க்கும் பழக்கம். அப்படி இழுக்கும்போது தோள்கள் உயர்ந்து, மேலுடல் பின்னோக்கிச் சாய்ந்து, கால்கள் தாமாகவே நீண்டுவிடுகின்றன. மார்பு தொடையை ஒட்டியிருக்கும்போது தொடைகளே மேலுடலுக்கு முட்டுக்கொடுக்கின்றன. வயிற்றுத் தசைகளை மிதமாக இறுக்கி, தோள்களைக் கீழே வைத்து, பார்வையைப் படகின் மேல் நிறுத்தினால் போதும். பலகை மேற்பரப்பில் வழுக்கத் தொடங்கிய பிறகும் எழ வேண்டாம். குந்திய நிலையிலேயே சிறிது தூரம் செல்லுங்கள், பிறகு நாற்காலியிலிருந்து எழுவதைவிட மெதுவாகக் கால்களால் எழுங்கள். கைப்பிடி அப்போதும் இடுப்பு உயரத்தைத் தாண்டக் கூடாது. அதன் பிறகுதான் பலகையைத் திருப்பி, எடையில் சற்றுக் கூடுதலான பங்கைப் பின்காலில் வைக்க வேண்டும்.

இதில் பாதிப் பொறுப்பு படகோட்டியுடையது. பழகுபவர்கள் இதை எடுத்துச் சொல்லத் தயங்குவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. ஒற்றைச் சறுக்குக் கட்டையில் செல்பவர்களை இழுத்துப் பழகிய படகோட்டிகள் எஞ்சினின் வேகத்தை ஒரேயடியாகக் கூட்டுவார்கள். கட்டையில் செல்பவர்களுக்கு அது தேவை, ஏனெனில் அந்தக் கட்டையின் பரப்பு சிறியது. வேக்போர்டு அகலமானது, மெல்லிய இழுவையிலேயே எழுந்துவிடும். கயிறு தொய்வின்றி நேரான பிறகு, நீங்கள் குரல் கொடுத்தால் மட்டும், படிப்படியாக வேகத்தைக் கூட்டுமாறு புறப்படும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். பழகுபவருக்கு மணிக்கு 25 முதல் 30 கிலோமீட்டர் வேகமே போதும்.

கயிற்றைப் படகின் பின்விளிம்பில் கட்டாமல் உயரமான கோபுரக் கம்பியில் கட்டினால் இழுவை சற்று மேல்நோக்கி அமைகிறது. கயிற்றின் நீளத்தை 15 மீட்டர் அளவுக்குக் குறைத்தால் அந்தப் பயன் இன்னும் கூடும். பலகை பெரிதாக இருப்பது நல்லது. 80 கிலோ எடைக்கு 140 சென்டிமீட்டர் அளவில் ஒன்றை எடுங்கள். வாடகைக்கு விடும் இடங்களில் கையில் கிடைத்ததைத் தந்துவிடுவார்கள், ஆகவே கேட்டு வாங்குங்கள். படகுக்குப் பதிலாகக் கோபுரங்களுக்கு இடையே ஓடும் கம்பிவடம் இழுத்துச் செல்லும் கேபிள் பூங்கா உங்களுக்கு அருகில் இருந்தால், இரண்டு கோபுரங்களுக்கு இடையே மட்டும் இழுக்கும் சிறிய அமைப்பில் தொடங்கலாம். அங்கே இயக்குபவர் உங்களைப் பார்த்துக்கொண்டே வேகத்தை மாற்ற முடியும். ஏரியைச் சுற்றி ஓடும் பெரிய கேபிள் ஒரே வேகத்தில் ஓடுவதால் முதல் இழுப்பு வெட்டி இழுப்பதாக இருக்கும்.

நீரில் இறங்கும் முன் கரையில் ஒரு பயிற்சி செய்யுங்கள். புல்தரையில் உட்கார்ந்து, பலகையின் பைண்டிங்கில் (கால்களைப் பிடித்துக்கொள்ளும் காலணி போன்ற பகுதியில்) கால்களை மாட்டி, முழங்கால்களை மடக்கிக்கொண்டு, நண்பர் ஒருவர் கைப்பிடியைச் சீராக இழுக்க, முழங்கையை மடக்காமல் குந்திய நிலை வரை மட்டும் உயருங்கள். எடை தொடையில் இறங்குவதும் முதுகு சும்மா இருப்பதும் எப்படிப்பட்ட உணர்வு என்று அப்போது தெரியும். நீரில் அந்த உணர்வு மாறி, இடுப்பில் மடிவது போலத் தோன்றிய கணமே கைப்பிடியை விட்டுவிடுங்கள். படகு திரும்பி வரும், எரிபொருள் வீணாகிறதே என்று எண்ண வேண்டாம். களைத்த பின் செய்யும் முயற்சிகளில்தான் கால்கள் சீக்கிரம் நீள்கின்றன என்பதால், சில முயற்சிகளுக்கு ஒருமுறை படகேறி ஓய்வெடுங்கள். மறுநாள் தசை கனப்பது இயல்பு. வலி தொடை வழியாகக் கீழே இறங்கினாலோ, காலில் மரமரப்பு இருந்தாலோ, மருத்துவரைப் பார்க்கும்வரை பலகையைத் தொடாதீர்கள்.