வாத்தியாருக்காக என்ன பேசுறது, என்ன வாசிக்கிறது?

கேள்வி: அன்புள்ள அக்கா, நான் அமெரிக்காவுல டெக்சாஸ்ல இருக்கேன், சாஃப்ட்வேர் வேலை. இங்க வந்த புதுசுல ஒரு டான்ஸ் ஹால்ல பெடல் ஸ்டீல் கிட்டார் கேட்டு அப்படியே நின்னுட்டேன், அன்னைக்கு வாசிச்சவர்கிட்டயே போய் கத்துக்கொடுங்கன்னு கேட்டேன், அவரும் வீட்டுக்கு வரச்சொல்லி பல வருஷம் சொல்லிக்கொடுத்தார். காசு கொடுத்தா பாதியைத் திருப்பிக் கொடுத்துடுவார். ஃப்ரெட் போர்டு மேல துண்டைப் போட்டு மூடிட்டு "இப்ப வாசி"ன்னு சொல்லுவார். போன மாசம் தவறிட்டார். சர்ச் ஹால்ல நினைவுக் கூட்டம் வச்சிருக்காங்க, அவர் மனைவி என்னைப் பேசவும் சொல்றாங்க, ஒரு பாட்டு வாசிக்கவும் சொல்றாங்க. அங்க வர்றவங்க பாதிப்பேர் நாப்பது அம்பது வருஷமா மேடையில வாசிச்சவங்க. நான் சுமாராத்தான் வாசிப்பேன். அவரோட கிட்டாரை நான் எடுத்துக்கணும்னும் சொல்றாங்க, கூடவே ஒரு பெட்டி நிறைய கேசட்டும், எந்தக் கம்பி எந்த ஃப்ரெட்னு கையால எழுதின டேப் (tab) பேப்பரும். வாங்கிக்கலாமா? என் வீட்ல "ஒரு மியூசிக் டீச்சருக்கா இவ்வளவு அழுகை"ன்னு கேக்குறாங்க, அவங்களுக்கு என்ன சொல்றதுன்னும் தெரியல. அவர் எனக்கு எவ்வளவு முக்கியம்னு அவர்கிட்ட ஒரு தடவைகூட நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. (பெயர் வேண்டாம்)

பதில்: தம்பி, முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன், பேசுங்க, வாசிங்க, கிட்டாரையும் வாங்கிக்கோங்க. மூணுக்கும் என் பதில் ஆமாதான், ஏன்னு கொஞ்சம் நீட்டித்தான் சொல்லணும், ஏன்னா இந்த வாத்தியத்து மேல எனக்கும் ரொம்ப நாளா ஒரு பித்து உண்டு, உங்க கடிதத்தைப் படிச்சதும் அன்னைக்கு ராத்திரி முழுக்க ஸ்டீல் கிட்டார்தான் கேட்டுக்கிட்டு இருந்தேன்.

வீட்ல இருக்கவங்களுக்குப் புரியாததுக்குக் காரணம் அவங்க கல்நெஞ்சுன்னு இல்ல, அவங்க மனசுல கிட்டார்னா மடியில வச்சு மீட்டுறது, மாசக் கட்டணம் கட்டினா யார் வேணா சொல்லிக்கொடுப்பாங்க. நம்ம சித்திரவீணையைக் காட்டி ஆரம்பிங்க. வீணைல இருக்கிற மெட்டு (ஃப்ரெட்) கிடையாது, கம்பி மேல ஒரு கட்டையை வழுக்கி வழுக்கிச் சுருதியைப் பிடிக்கணும், ஒரு மயிரிழை தள்ளினா அபஸ்வரம். பெடல் ஸ்டீலும் அந்த ஜாதிதான், கால் வச்ச ஒரு மேஜை மாதிரி நிக்கும், பத்து கம்பி, ஃப்ரெட்ங்கிறது வெறும் கோடு, இடது கையில உருண்டையான இரும்பு பார், வலது கை கட்டைவிரலுக்கும் ரெண்டு விரலுக்கும் பிக். அதோட நின்னா பரவாயில்லையே, இடது காலுக்கு மூணு பெடல், ரெண்டு முட்டியாலயும் தள்ள லிவர், வலது கால் வால்யூம் பெடல் மேல, அடிச்ச ஸ்வரம் தேயத் தேய அதைக் கொஞ்சம் கொஞ்சமா அழுத்திக்கிட்டே போனாத்தான் அந்த நீண்ட அழுகைச் சத்தம் வரும். ரெண்டு கை, ரெண்டு கால், ரெண்டு முட்டி, காது எல்லாம் ஒரே நேரத்துல வேலை செய்யணும். இதைப் புத்தகத்தைப் பார்த்துக் கத்துக்க ஆரம்பிச்சவங்க உண்டு, ஆனா பக்கத்துல ஒருத்தர் உக்காந்து "முட்டியை இப்பத் தள்ளு, பாரைச் சாய்க்காதே, கையை எடு"ன்னு சொன்னாத்தான் உடம்புல ஏறும். உங்க வாத்தியார் உங்களுக்குப் பாட்டு சொல்லிக்கொடுத்தார்னு மட்டும் நினைச்சா அது ஒரு மியூசிக் டீச்சர்தான், உங்க உடம்பையே இன்னொரு விதமாப் பழக்கினார்னு சொல்லிப்பாருங்க, உங்க வீட்டம்மாவுக்கும் புரியும்.

இந்த வாத்தியத்தோட கதையில எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம், வாசிச்சவங்க நினைவு அந்த இயந்திரத்துக்குள்ளயே இருக்கு. 1954ல கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸோட ஸ்லோலி பாட்டு வந்தப்ப அதுல ஸ்டீல் வாசிச்ச பட் ஐசக்ஸ் ஸ்வரம் ஒலிச்சுக்கிட்டு இருக்கும்போதே பெடலை மிதிச்சு அதை வளைச்சார், அதைக் கேட்ட ஸ்டீல்காரங்க எல்லாரும் தங்க கிட்டாருக்கும் பெடல் வேணும்னு கிளம்பிட்டாங்க. அவருக்கு அந்த மாத்தத்தை மொத்தமா ஒரே பெடல் பண்ணுச்சு, இண்டியானாவுல மிஷவாக்காங்கிற ஊர்ல பிறந்த பட்டி எம்மன்ஸ்ங்கிற ஸ்டீல்காரர் அதை ரெண்டாப் பிரிச்சார், அதுதான் நீங்க இன்னைக்கு மிதிக்கிற ஏ பெடலும் பி பெடலும். 1962ல இ-நைன்ங்கிற ட்யூனிங்ல, அதாவது கம்பிகளுக்குச் சுருதி வைக்கிற முறையில, ரெண்டு கம்பியைச் சேர்த்தார், உங்க முதல் கம்பியும் ரெண்டாவது கம்பியும் அவர் போட்டது. பெடலை இடமிருந்து வலமா ஏ, பி, சின்னு வச்சா எம்மன்ஸ் செட்டப், அதையே திருப்பிப் போட்டா ஜிம்மி டேங்கிற இன்னொரு ஸ்டீல்காரர் பேர்ல டே செட்டப். எம்மன்ஸ் 2015ல போயிட்டார், டே அதுக்கும் முன்னாடியே போயிட்டார், ஆனா உலகத்துல எங்கேயோ ஒரு புதுப்பையன் இன்னைக்கு ஸ்டீல் வாங்கினா கடைக்காரர் முதல்ல கேக்குற கேள்வியில இவங்க பேர் வருது. உங்க வாத்தியார் எந்த செட்டப்? நீங்க எந்த செட்டப்? கண்டிப்பா அவரோடதுதான் உங்களுக்கும் இருக்கும், மாத்தி வாசிக்கச் சொன்னா உங்க கணுக்கால் கேக்காது. அவர் இப்ப இருக்கிற இடம் அதுதான் தம்பி, கூட்டத்துல பேச விஷயம் தேடி நீங்க வேற எங்கேயும் போகவேண்டாம்.

வாசிக்கிறவங்களை உலகம் ரெக்கார்டை வச்சு ஞாபகம் வச்சுக்கும், சொல்லிக்கொடுத்தவங்களுக்கு அது கிடையாது. ஜெஃப் நியூமன்னு ஒருத்தர், மேடையில பெரிய ஆளுங்களோட வாசிச்சவர்தான், ஆனா ஸ்டீல்காரங்க அவரைச் சொல்றது டீச்சர்னுதான். கேசட்டும் டேப் பேப்பரும் சேர்ந்த பாடங்களைத் தபால்ல அனுப்பி, நாஷ்வில் பக்கம் வகுப்பு வச்சு, ஊர் ஊரா செமினார் நடத்தி, பக்கத்துல வாத்தியாரே இல்லாத சின்ன ஊர்க்காரங்களையும் வாசிக்க வச்சார். 2004ல விமான விபத்துல இறந்துட்டார். இன்னைக்கும் அவர்கிட்ட படிச்சவங்க பேசிக்கிறதைக் கவனிச்சா அவர் என்னென்ன பாட்டு வாசிச்சார்னு பட்டியல் போடமாட்டாங்க, வலது கை எப்படி வைக்கணும், உள்ளங்கை ஓரத்தால கம்பியை எப்படி அமுக்கி சத்தத்தை நிறுத்தணும், அதைத்தான் சொல்லுவாங்க. ஹவுஸ் ஆஃப் காட்ங்கிற கறுப்பின மக்களோட சர்ச்சுகள்லயும் இப்படித்தான், 1930கள் கடைசியில டிரோமன் ஈசன், வில்லி ஈசன் சகோதரர்கள் லேப் ஸ்டீலை (பெடல் இல்லாம மடியில வச்சு வாசிக்கிறது) வழிபாட்டுக்குள்ள கொண்டுவந்ததுலேர்ந்து பெரியவர் வாசிக்கிறதைப் பக்கத்துல உக்காந்து பார்த்துப் பார்த்தே பசங்க கத்துக்கிட்டாங்க, வெளியுலகம் அவங்களைக் கேக்க ஆரம்பிச்சதே அறுபது வருஷம் கழிச்சுத்தான்.

அதனால பேசும்போது அவர் பிறந்த வருஷம், எந்தெந்த பேண்டுல இருந்தார்ங்கிறதெல்லாம் வேற யாராவது சொல்லட்டும். உங்களால மட்டும் சொல்லமுடிஞ்சதைச் சொல்லுங்க. அந்தத் துண்டு! கடிதத்துல ஒரே வரியில சொல்லிட்டுப் போயிட்டீங்க, எனக்கு மனசுல நின்னது அதுதான். கோட்டைப் பார்த்து பாரை வைக்கிற பையனுக்கு கோட்டையே மறைச்சு, சுருதி காதுல இருக்குன்னு காட்டின ஒரு மனுஷன். துண்டு என்ன நிறம், முதல் நாள் எத்தனை கோரமா வாசிச்சீங்க, எப்ப ஒருநாள் துண்டை எடுத்துப் பார்த்தா பார் சரியான இடத்துல இருந்துச்சு, அப்ப அவர் முகம் எப்படி இருந்துச்சு, இதைச் சொல்லுங்க. காசைத் திருப்பிக் கொடுத்ததைச் சொல்லுங்க, அவர் மனைவிக்கே அது தெரியாம இருக்கலாம். மூணு நாலு நிமிஷம் போதும். எழுதி வச்சுப் படிங்க, அழுகை வந்தா நிறுத்திட்டுத் திரும்பப் படிக்கலாம், யாரும் ஒண்ணும் நினைக்கமாட்டாங்க.

வாசிக்கிறதுக்கு வர்றேன். பெரிய ஆளுங்க முன்னாடி பெரிய சாமான் எடுக்கணும்னு உங்களுக்குத் தோணும், வேகமான பாட்டா எடுத்து நம்ம திறமையைக் காட்டணும்னு, வேண்டாம். அவங்க யாரும் உங்களுக்கு மார்க் போட வரல, அவரோட கை உங்க கையில எங்கேயாவது கேக்குதான்னுதான் காதைத் தீட்டிக்கிட்டு இருப்பாங்க, அது மெதுவான பாட்டுலதான் கேக்கும். சர்ச் ஹால்ங்கிறதால அமேசிங் கிரேஸ் வாசிக்கலாம், கூட்டத்துல எல்லாருக்கும் தெரிஞ்ச மெட்டு, மூணு எண்ணிக்கைத் தாளம், ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் மூச்சு விட இடம் இருக்கு. ஜி-யில வாசிச்சா ஜி கார்டு உங்களுக்கு மூணு இடத்துல கிடைக்கும்னு அவர் கண்டிப்பா சொல்லிக்கொடுத்திருப்பார், மூணாவது ஃப்ரெட்ல பெடல் இல்லாம, ஆறாவதுல ஏ பெடலும் முட்டியால தள்ளுற எஃப் லிவரும் சேர்த்து, பத்தாவதுல ஏ-யும் பி-யும் மிதிச்சு. முதல் சுத்து மூணாவதுல எளிமையா வாசிங்க, ரெண்டாவது சுத்து பத்தாவதுக்கு ஏறுங்க, நடுவுல அவர் அடிக்கடி போடுற ஏதாவது ஒரு சின்ன சங்கதி இருக்குமே, எல்லா வாத்தியாருக்கும் ஒண்ணு இருக்கும், அதை ஒரே ஒரு தடவை போடுங்க. ஹால்ல எத்தனை தலை நிமிருதுன்னு பாருங்க. தனியா வாசிக்காதீங்க, அவர்கிட்ட படிச்ச இன்னொருத்தரையோ அவரோட பழைய பேண்டு ஆளையோ ரிதம் கிட்டாருக்குக் கூப்பிடுங்க, கேட்டா மாட்டேன்னு சொல்லமாட்டாங்க.

கிட்டாரை வாங்கத் தயங்குறீங்க, தகுதி இருக்கான்னு யோசிக்கிறீங்க. அந்த அம்மா தகுதி பார்த்துக் கொடுக்கல, அது பெட்டிக்குள்ள கிடக்கக்கூடாதுன்னு கொடுக்குறாங்க. பெடல் ஸ்டீல்ங்கிறது பாதி மரம் பாதி இயந்திரம், அடியில கம்பியும் கொக்கியும் ராடுமா இருக்கும், வருஷக்கணக்கா வாசிக்காம விட்டா, கம்பியோட சுருதியை மாத்துற சேஞ்சர்ல பழைய எண்ணெய் பிசினாகி பெடலை விட்டாலும் ஸ்வரம் பழைய இடத்துக்குத் திரும்பாது. ரெட்டைக் கழுத்து கிட்டாரா இருந்தா பெட்டியோட 30 கிலோவுக்கு மேல வரும், வயசான அம்மா அதை நகர்த்தக்கூட முடியாது. ஆனா ஒண்ணு, அவங்க பிள்ளைங்க, பேரப்பசங்க இருந்தா அவங்களுக்கும் சம்மதமான்னு அவங்க முன்னாடியே கேட்டுட்டு வாங்குங்க, துக்கத்துல இருக்கும்போது கொடுத்தது பின்னாடி மனஸ்தாபமா ஆகிடக்கூடாது. நாளைக்கு அந்த வீட்ல ஒரு குழந்தை கத்துக்கணும்னு வந்தா கிட்டார் திரும்ப அங்கதான் போகும்னு வாய்விட்டே சொல்லிடுங்க. வாங்கினதும் ட்யூனிங் நட்டையோ பெடல் ராடையோ உடனே திருகி உங்க வசதிக்கு மாத்திடாதீங்க, முதல்ல அடிப்பக்கத்தைக் கவுத்துப்போட்டு எல்லாக் கோணத்துலயும் போட்டோ எடுத்துடுங்க, எந்த ராடு எந்த ஓட்டையில இருக்குங்கிறதுதான் அவரோட கையெழுத்து.

கேசட்டை எல்லாம் கம்ப்யூட்டருக்கு மாத்திடுங்க, இதுல சோம்பேறித்தனம் வேண்டாம், கேசட் நாடா நாளாக நாளாக வீணாப்போகும். கேசட் அட்டையில அவர் எழுதினதையும் சேர்த்து ஸ்கேன் பண்ணுங்க. டேப் பேப்பர்ல பத்துக் கோடு போட்டு "8ஏ", "3ஏபி"ன்னு எழுதியிருப்பாரே, ஓரத்துல திட்டு ஏதாவது கிறுக்கியிருப்பார், அதையும் வெட்டாம அப்படியே ஸ்கேன் பண்ணி, அந்த அம்மாவுக்கு ஒரு பிரதி, மத்த மாணவங்களுக்கு ஒரு பிரதி. பாடத்துக்கு நடுவுல அவர் பேசின குரல் அதுல இருக்கும், குடும்பத்துக்கு அதைவிடப் பெரிய சொத்து வேற எதுவும் இருக்காது.

வாய்விட்டுச் சொல்லலைன்னு வருத்தப்படுறீங்க. பட்டி எம்மன்ஸுக்கு அவர் உயிரோட இருக்கும்போதே, 2013ல, மத்த பெரிய ஸ்டீல்காரங்க எல்லாம் சேர்ந்து ஒரு ஆல்பம் போட்டு மரியாதை பண்ணினாங்க, எல்லாருக்கும் அப்படி அமையாதுதான். ஆனா ஒரு விஷயம் யோசிங்க, வேற ஊர், வேற பாஷை, வேற சாப்பாடு, அவர் வளர்ந்த பாட்டு எதுவும் தெரியாம வந்த ஒரு பையன், வேலை முடிச்சுட்டு களைச்சுப்போய் வாராவாரம் அவர் வீட்டுக் கதவைத் தட்டி, போன வாரம் வராதது இந்த வாரம் வாசிச்சுக் காட்டினான். சொல்லிக்கொடுக்கிறவருக்கு அதுக்கு மேல என்ன வார்த்தை வேணும்? பாதிக் காசைத் திருப்பிக் கொடுத்ததே, நீ வர்றது எனக்கே பிடிச்சிருக்குன்னு அவர் சொன்ன பதில்தான்னு நான் நம்புறேன். மனசு ஆறலைன்னா மிச்சத்தை அவர் மனைவிகிட்ட சொல்லுங்க, கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் வர்ற மாசங்கள்லதான் அவங்க வீடு வெறிச்சோடிக் கிடக்கும், அப்ப போய் அவங்க வீட்டு ஹால்ல உக்காந்து வாசிங்க. யாராவது கத்துக்கணும்னு உங்ககிட்ட வந்தா எனக்கே சரியா வராதுன்னு திருப்பி அனுப்பாதீங்க, பார் பிடிக்கிறதும் ஏ, பி பெடலும் சொல்லிக்கொடுக்க உங்களுக்குத் தெரிஞ்சதே தாராளம்.

கூட்டத்தன்னைக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போயிடுங்க, ஏசி ஹாலுக்குள்ள வந்ததும் கிட்டார் சுருதி விலகும், கொஞ்ச நேரம் அங்கயே இருந்தப்புறம்தான் ட்யூன் பண்ணணும். பதட்டத்துல வால்யூம் பெடல்ல கால் நடுங்கும், ஷூவோட குதிகாலை நல்லா ஊனி வச்சுக்கோங்க, வீட்லயும் அதே ஷூ போட்டுப் பழகுங்க. கம்பி மாத்துறதா இருந்தா ரெண்டு நாள் முன்னாடியே மாத்திடுங்க. அந்த மூணாவது கம்பி எப்ப அறும்னு சொல்லவே முடியாது, அதுல மட்டும் ரெண்டு எக்ஸ்ட்ரா சட்டைப்பையில இருக்கட்டும்.