சின்ன லவுஞ்சில் டென்னிஸும் பவுலிங்கும்: எவ்வளவு இடம் வேண்டும்?

கேள்வி: ஜூலை விடுமுறைக்காகப் பிள்ளைகளுக்கு, கையை வீசி ஆடும் வீடியோ விளையாட்டான நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் வாங்கினோம். டர்பன் சாட்ஸ்வொர்த்தில் செமி-டிடாச்ட் வீடு, லவுஞ்ச் சின்னது. முதல் நாளே பெரியவன் ஷோகேஸ் கண்ணாடியில் கையை இடித்துக்கொண்டான். பிள்ளைகளின் ஆயாவுக்கு (பாட்டிக்கு) 70 வயது, அவருக்கும் பவுலிங் பிடித்துவிட்டது. ஆனால் அவர் வீசும் பந்து எப்போதும் இடப்பக்கமே வளைகிறது. எவ்வளவு இடம் வேண்டும்? ஆயா உட்கார்ந்து ஆடலாமா? அமெரிக்காவில் இருக்கும் நாத்தனார் தங்கள் பழைய வீயை (Wii, நின்டெண்டோவின் முந்தைய விளையாட்டுக் கருவி) அனுப்புகிறேன் என்கிறார், வாங்கிக்கொள்ளலாமா?

பதில்: கையில் பிடிக்கும் ஜாய்-கானுக்குள் இரண்டு உணரிகள் இருக்கின்றன. ஒன்று வேகம் கூடுவதையும் குறைவதையும் அளக்கும். இன்னொன்று, கைரோஸ்கோப், கருவி எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அளக்கும். பந்து எங்கே போகும் என்பதை விளையாட்டு இந்த அளவுகளிலிருந்துதான் முடிவு செய்கிறது. உங்களை எந்தக் கேமராவும் பார்ப்பதில்லை. நீங்கள் நிற்கிறீர்களா, சோபாவில் இருக்கிறீர்களா, நாலு அடி ஓடினீர்களா, எதுவும் அதற்குத் தெரியாது. டென்னிஸிலும் பேட்மின்டனிலும் திரையில் இருக்கும் ஆள் தானாகவே பந்தைத் தேடி ஓடுவார், நீங்கள் சரியான நேரத்தில் கையை வீசினால் போதும்.

பெரியவனிடம் முதலில் இதைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டும். தோளிலிருந்து முழுக் கையையும் சுழற்றத் தேவையில்லை. முழங்கைக்குக் கீழே அசைத்தாலே டென்னிஸ் ஆடலாம். அப்படியும் ஆட்டம் சூடு பிடித்ததும் பிள்ளைகள் மறந்துவிடுவார்கள், அதனால் இடத்தை அதற்கேற்ப ஒதுக்குங்கள். நிற்கும் இடத்தில் இரு கைகளையும் விரித்து ஒரு சுற்று சுற்றச் சொல்லுங்கள். எதிலும் விரல் படக்கூடாது, அதற்கு மேலும் ஓரடி இருக்கட்டும். தலைக்கு மேலே மின்விசிறியையும் விளக்கையும் பாருங்கள். பேட்மின்டன் ஸ்மாஷில் கை நேராக மேலேதான் போகும். இருவர் ஆடும்போது பக்கத்தில் பக்கத்தில் நிற்காமல் ஒருவர் சற்றுப் பின்னால் நிற்கலாம். டைல்ஸ் தரையில் சாக்ஸ் வேண்டாம், வெறுங்கால்தான் நல்லது. காமாட்சி விளக்கு லவுஞ்சிலேயே எரிகிறது என்றால் அது அணையும்வரை ஆட்டத்தைத் தள்ளிப் போடுங்கள்.

ஸ்ட்ராப், அதாவது ஜாய்-கானை மணிக்கட்டோடு கட்டும் கயிறு, அந்த விஷயத்தில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. டர்பன் புழுக்கத்தில் உள்ளங்கை வியர்க்கும், ஜாய்-கானோ வழுவழுப்பான பிளாஸ்டிக். 2006-ல் வீ வந்த புதிதில் கயிறு அறுந்து ரிமோட்டுகள் பறந்ததால், நின்டெண்டோவே தடித்த கயிறுகளை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது. ஒவ்வோர் ஆட்டத்துக்கும் மணிக்கட்டில் மாட்டி இறுக்கிய பிறகே தொடங்கட்டும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் ராக்கெட், கோல்ஃப் மட்டை போன்றவற்றை உங்கள் லவுஞ்சுக்கு வாங்கவே வாங்காதீர்கள். வீச்சின் நீளத்தைக் கூட்டுவதுதான் அவை செய்யும் வேலை.

ஆயா தாராளமாக உட்கார்ந்து ஆடலாம். கைப்பிடி இல்லாத, நகராத நாற்காலி போடுங்கள், வீசும் கை பக்கவாட்டில் தடையில்லாமல் தொங்க வேண்டும். பந்து வளைவதற்குக் காரணம் பெரும்பாலும் மணிக்கட்டுதான். வலது கைக்காரர் வீசி முடிக்கும்போது மணிக்கட்டு உள்பக்கம் திரும்பினால் அது சுழற்சியாகப் பதிவாகி பந்து இடப்பக்கம் போகும். உள்ளங்கை திரையைப் பார்த்தபடியே கையை முன்னே கொண்டுவரச் சொல்லுங்கள், மெதுவாக. எந்தக் கையால் ஆடுகிறார் என்பது விளையாட்டில் சரியாகத் தேர்வாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். இதற்குப் பிறகும் வளைந்தால், ஸ்விட்சின் அமைப்புகளில் கன்ட்ரோலர் பகுதிக்குப் போய், ஜாய்-கானைச் சமமான மேசைமேல் ஆடாமல் வைத்து அசைவு உணரியைச் சீர் செய்யுங்கள். ஜாய்-கானின் மேலிருக்கும் குச்சியைத் தொடாதபோதும் அது நகர்வதாகப் பதிவாகும் கோளாறு வேறு, அது இந்தச் சீரமைப்பில் சரியாகாது.

அப்புறம், தோள். 2007-ல் ஸ்பெயின் மருத்துவர் ஒருவர் பல மணி நேரம் வீ டென்னிஸ் ஆடியதில் தம் தோள் தசைநாண் வீங்கியதைப் பற்றி அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார். அவருக்கு அப்போது 29 வயதுதான். ஆயாவுக்கு ஒரு ஆட்டம், பிறகு ஓய்வு என்று இருக்கட்டும். தோள்வலி ஏற்கெனவே இருந்தால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

டென்னிஸில் கை சரியாக வீசியும் பந்து தவறினால் டிவியைப் பாருங்கள். பல டிவிகள் படத்தை மெருகேற்றுவதில் நேரம் எடுத்துக்கொள்ளும். கேம் மோடுக்கு மாற்றினால் அந்தத் தாமதம் வெகுவாகக் குறையும். மின்வெட்டு நேரத்தில் ஸ்விட்சை மேசையில் நிறுத்தி அதன் சொந்தத் திரையிலேயே ஆடலாம்.

அமெரிக்க வீ வேண்டாம். அதன் அடாப்டர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்தது, நம் வீட்டில் வருவது 230. அடாப்டரை மாற்றினாலும் தென்னாப்பிரிக்காவில் விற்ற டிஸ்க்குகளை அது ஏற்காது, வீயில் பிராந்தியப் பூட்டு உண்டு. ஸ்விட்சுக்கு அந்தப் பூட்டு இல்லை, அதன் அடாப்டரும் 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும். நாத்தனாருக்கு ஏதாவது அனுப்பியே ஆக வேண்டும் என்றால் இன்னொரு ஜோடி ஜாய்-கான் அனுப்பச் சொல்லுங்கள், நாலு பேர் சேர்ந்து டென்னிஸ் ஆடலாம்.