குளிர் வருகிறது, சைக்கிளை உள்ளே வைத்துவிடலாமா? – கேள்வி பதில்

தாங்ஸ்கிவிங் வாரயிறுதி முடிந்ததும் ஒவ்வொரு வருடமும் எனக்கு வரும் கேள்விகள் மாறிவிடும். அதுவரை "எந்தச் சைக்கிள் வாங்கலாம்" என்று கேட்டவர்கள், "எப்போது நிறுத்துவது" என்று கேட்கத் தொடங்குவார்கள். ரொறன்ரோவில் சைக்கிள் திருத்துவதே எனக்குத் தொழில். குளிர்காலத்திலும் வேலைக்கு சைக்கிளில்தான் போகிறேன். இந்த முறை வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எத்தனை பாகைக்குக் கீழே போனால் சைக்கிளை நிறுத்த வேண்டும்? ஒரு கணக்குச் சொல்லுங்கள். – ஸ்காபரோ வாசகர்

அப்படி ஒரு எண் இல்லை. -10 பாகை, வெயில், காய்ந்த ரோட்டு என்றால் நான் சந்தோசமாகப் போவேன். +1 பாகை, தூறல், காலை ஆறு மணி என்றால் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பேன். ரோட்டில் தண்ணீர் உறைவதும் உருகுவதுமாக இருக்கிற நாள்தான் ஆளை விழுத்தும். வெப்பமானியைப் பார்ப்பதோடு நிற்காமல், இரவு மழை பெய்ததா, விடிய முன் 0 பாகைக்குக் கீழே இறங்கியதா என்று பாருங்கள். இரண்டும் நடந்திருந்தால் அன்று பஸ்ஸில் போங்கள்.

பாலங்களில் கூடுதல் கவனம் தேவை. நிலத்தில் போட்ட ரோட்டுக்குக் கீழே மண்ணின் சூடு இருக்கும். பாலத்துக்கு மேலும் கீழும் காற்றுத்தான், அதனால் அதுதான் முதலில் உறையும். டொன் பள்ளத்தாக்குக்கு மேலே புளோர் பாலத்தால் போகிறவர்கள், வீட்டு வாசலில் ரோட்டு ஈரமாக இருந்தால் பாலத்தில் அது பனிக்கட்டியாக இருக்கலாம் என்று நினைத்தே போக வேண்டும்.

வேலை முடிந்து ஐந்தரைக்குத்தான் வெளியே வருவேன். நேரம் மாற்றிய பிறகு வீட்டுக்குப் போகும் வழி முழுக்க இருட்டு. பழைய சிறிய லைற் போதுமா, அண்ணா?

தங்கச்சி, நான் எல்லோருக்கும் முதலில் சொல்வது இதைத்தான். குளிருக்கு உடுப்பு இருக்கிறது. இருட்டுக்கு லைற் மட்டுந்தான்.

நவம்பர் முதல் ஞாயிறு மணிக்கூட்டைப் பின்னால் திருப்புகிறோம். முதல் நாள் ஆறு மணியளவில் மறைந்த சூரியன் அன்று ஐந்து மணியளவில் மறைந்துவிடும். டிசம்பரில் நாலே முக்காலுக்கு முன்பே மறைகிறது. இது ஒரே இரவில் நடப்பதால் கார் ஓட்டுகிறவர்களின் கண்ணும் பழகியிருக்காது. அந்த முதல் இரண்டு வாரமும் நான் எல்லாத் திருப்பத்திலும் மெதுவாகவே போவேன்.

ஒன்ராறியோ சட்டப்படி சூரியன் மறைவதற்கு அரை மணி நேரம் முன்பிருந்து, உதித்து அரை மணி நேரம் வரை முன்னால் வெள்ளை அல்லது அம்பர் நிற லைற் எரிய வேண்டும். பின்னால் சிவப்பு லைற் அல்லது சிவப்பு ஒளிதெறிப்பான் இருக்க வேண்டும். முன் சில்லைப் பிடித்திருக்கும் கவையில் வெள்ளை, பின் சட்டத்தில் சிவப்பு ஒளிதெறிக்கும் நாடாவும் ஒட்ட வேண்டும். பலர் இந்த நாடாவை மறந்துவிடுகிறார்கள். ஒளிதெறிப்பானே போதும் என்று சட்டம் சொன்னாலும், பின்னால் எரிகிற லைற் இல்லாமல் யாரையும் நான் அனுப்பமாட்டேன்.

தெருவிளக்கு உள்ள ரோட்டில் மற்றவர்கள் உங்களைக் காண 100 லூமன் (வெளிச்சத்தின் அளவு) லைற் போதும். பூங்காப் பாதையிலோ உயர் மின்கம்பிகளுக்குக் கீழே போகும் பாதையிலோ போவதென்றால் ரோட்டையே பார்க்க வேண்டும், அதற்கு 400 லூமனாவது வேண்டும். வெளிச்சம் எதிரே வருகிறவரின் கண்ணில் அடிக்காமல் பத்து மீற்றர் முன்னால் நிலத்தில் விழும்படி சரித்து வையுங்கள். குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும், அதனால் ஒவ்வொரு இரவும் சார்ஜ் போடுங்கள். யாழ்ப்பாணத்தில் ரயரோடு உரசுகிற டைனமோவைத் தட்டிவிட்டு ஓடியவர்களுக்குத் தெரியும், சைக்கிள் நின்றால் லைற்றும் நின்றுவிடும். இப்போது சில்லின் நடுவிலேயே பொருத்துகிற டைனமோ வந்திருக்கிறது. நின்ற பிறகும் சில நிமிடம் எரிகிற லைற்றுகளை அதோடு பூட்டலாம். தினமும் ஓடுகிறவருக்கு அந்தச் செலவு தகும்.

ஸ்னோ விழ இன்னும் எவ்வளவோ நாள் இருக்கிறது. அக்டோபரில் என்ன பயம்?

இலை. மேப்பிள் இலை உதிர்ந்து ரோட்டோரத்தில் கிடந்து, மழையில் நனைந்து, காரின் சில்லு ஏறி நசிந்துவிட்டால் அடியில் ஒரு கூழ் உண்டாகும். மேலே பார்த்தால் அழகான மஞ்சள், சிவப்பு. கீழே சோப்புத் தேய்த்த தரை. எங்கள் வீட்டுத் தெருவிலேயே வலப்பக்கம் திரும்பும்போது உடம்பைக் கொஞ்சம் சரித்தேன், முன் சில்லு அப்படியே போய்விட்டது. விழுகிறேன் என்று தெரிய முன்பே விழுந்துவிட்டேன். முழங்கை ஆற மூன்று வாரம் எடுத்தது. அன்று வேகம் கூடுதலில்லை. பிழை என்னவென்றால், இலையின் மேல் வைத்துத் திரும்பினேன்.

இலைக்கு முன்னால் பிறேக் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். இலையின் மேல் நேராக, சரியாமல், பிறேக் தொடாமல் உருளவிடுங்கள். தாண்டிய பிறகு திரும்புங்கள். குவியலாகக் கிடந்தால் கீழே குழி இருக்கிறது என்றே நினையுங்கள். ஓரத்தை விட்டு ரோட்டுக்குள் தள்ளி ஓட உங்களுக்கு உரிமை உண்டு. முந்திப் போகும் கார் முடிந்தவரை ஒரு மீற்றர் இடம் விட வேண்டும் என்பதும் 2015 முதல் இங்கே சட்டம்.

ஈரத்தில் ரோட்டில் அடித்த வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, ஸ்ரீட்கார் தண்டவாளம் எல்லாம் இதே மாதிரித்தான். குயீன், கிங் தெருக்களில் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டும்போது முடிந்தவரை செங்கோணமாகத் தாண்டுங்கள். சில்லின் விளிம்பில் பிறேக் பிடிக்கிற பழைய சைக்கிள் என்றால் நனைந்த விளிம்பைத் துடைக்கவே முதல் ஒன்றிரண்டு சுற்றுப் போய்விடும். வழமையைவிட முன்னதாகவே மெல்லப் பிடிக்கத் தொடங்குங்கள்.

இரண்டு சுவெற்றர், மேலே பெரிய ஜக்கெற். வேலைக்குப் போய்ச் சேரும்போது வியர்வையில் குளித்துவிடுகிறேன். பிறகு நடுக்கம். என்ன உடுப்பது?

அக்கா, நீங்கள் உடுத்துவது கூடிவிட்டது. வாசலில் நிற்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும், அதுதான் சரியான அளவு. பத்து நிமிடம் மிதித்தால் உடம்பு சூடாகிவிடும். உள்ளே பருத்தி வேண்டாம், அது வியர்வையைக் குடித்து வைத்துக்கொள்ளும். மெல்லிய கம்பளி உள்ளே, காற்றுப் புகாத மெல்லிய சட்டை மேலே, தேவைப்பட்டால் இடையில் ஒன்று. காற்றைத் தடுப்பதுதான் முக்கியம். 0 பாகையில் மணிக்கு 20 கிலோமீற்றர் காற்று அடித்தால் தோலுக்கு அது -5 போல இருக்கும். காற்றே இல்லாத நாளிலும் அந்த வேகத்தில் போனால் அந்தக் காற்றை நீங்களே உண்டாக்குகிறீர்கள்.

உடம்பு சூடானாலும் விரல்கள் சூடாகாது. கையுறைக்குக் காசு செலவழியுங்கள். இரண்டு இரண்டு விரலாகச் சேர்ந்து இருக்கும் வகை நல்லது, சூடும் நிற்கும், பிறேக்கும் பிடிக்கலாம். சப்பாத்துக்குள் இரண்டு சொக்ஸை இறுக்கித் திணித்தால் இரத்தம் ஓடாமல் கால் இன்னும் குளிரும். ஹெல்மெற்றுக்குள் மெல்லிய தொப்பிதான், தடித்தது போட்டால் ஹெல்மெற் தலையில் சரியாக இருக்காது. சால்வையின் நுனியைச் சட்டைக்குள் விட்டுவிடுங்கள், சில்லில் மாட்டினால் ஆபத்து.

சாப்பாடு டெலிவரி செய்கிறேன், மின்சார சைக்கிள். குளிர் தொடங்கியதும் பற்றரி பாதி வழியில் நிற்கிறது. பழுதா? – படிக்க வந்த ஒரு தம்பி

பெரும்பாலும் பழுதில்லை, தம்பி. குளிரில் லிதியம் பற்றரி குறைவாகத்தான் கொடுக்கும். ஓடாத நேரத்தில் கழற்றி அறைக்குள் வைத்திருந்து, புறப்படும்போது பூட்டுங்கள். ஒன்று மட்டும் கட்டாயம்: வெளியே குளிரில் கிடந்த பற்றரியை உடனே சார்ஜ் போடக் கூடாது. 0 பாகைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே நிரந்தரமாகக் கெட்டுவிடும். அறைச் சூட்டுக்கு வந்த பிறகு, அதற்கென்றே வந்த சார்ஜரில், நீங்கள் விழித்திருக்கும்போது போடுங்கள். வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்துப் போடாதீர்கள். தீப்பிடித்தால் வெளியே ஓட அந்த வழி வேண்டும்.

களைத்துப்போய் சைக்கிளோடு ரயிலில் ஏறலாம் என்று நினைக்காதீர்கள். லிதியம் பற்றரி உள்ள சைக்கிள்களுக்கு நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்தான ரீரீசியில் தடை இருக்கிறது. சாதாரண சைக்கிள் என்றால் பஸ்ஸின் முன்னால் உள்ள தாங்கியில் ஏற்றலாம், அதில் இரண்டு சைக்கிளுக்கு இடம் உண்டு.

அப்பா ஊரில் செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடுவார். இங்கேயும் அதையே விட்டேன். ஒரு வாரத்தில் செயின் செம்மஞ்சளாகக் கறள் பிடித்துவிட்டது.

ஊரில் அது உருகிய எண்ணெய். ஏறக்குறைய 24 பாகைக்குக் கீழே உறைந்து கட்டியாகிவிடும். நவம்பரில் உங்கள் செயினில் இருந்தது வெள்ளைக் கொழுப்பு, அதில் மண்ணும் உப்பும் ஒட்டியிருக்கும். ஈரக் காலத்துக்கென்று விற்கிற செயின் எண்ணெய் ஒரு சிறு போத்தல் வாங்குங்கள், குளிர்காலம் முழுக்கக் காணும். மண்ணெண்ணெயில் செயினைக் கழுவிப் பழகியவர்களுக்கும் ஒரு சொல்: அது அழுக்கை எடுக்கும், செயினை வழுக்காக வைத்திருக்காது. அடுக்குமாடி வீட்டுக்குள் அந்த வேலை வேண்டவே வேண்டாம்.

உண்மையான எதிரி உப்பு. ரோட்டுக்கு உப்புப் போட்ட நாளில் ஓடினால், வீட்டுக்கு வந்ததும் ஒரு போத்தல் இளஞ்சூட்டுத் தண்ணீரைச் செயினிலும் பிறேக்கிலும் ஊற்றி, பழந்துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, பெடலைப் பின்னுக்குச் சுற்றி, மிஞ்சியதைத் துடைத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை. இரவு தள்ளிப்போட்டால் காலையில் அந்தச் செம்மஞ்சளைக் காண்பீர்கள். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் குழாயைப் பாவிக்காதீர்கள், சில்லின் நடுவில் இருக்கும் கிறீஸை அது கழுவிக்கொண்டு போய்விடும்.

அந்தக் கிறீஸுக்குள் தண்ணீர் போய் உறைந்தால் இன்னொரு கூத்து நடக்கும். பெடல் சுற்றும், பின் சில்லு சுற்றாது. குளிர் காலையில் இப்படித் தள்ளிக்கொண்டு வருகிறவர்களை நிறையக் கண்டிருக்கிறேன். அறைக்குள் ஒரு மணி நேரம் வைத்தால் சரியாகிவிடும். ஆனால் காய்ந்து, கிறீஸ் மாற்றும்வரை திரும்பத் திரும்ப வரும்.

விண்ரர் ரயர் காருக்குத்தானே? சைக்கிளுக்கும் வேண்டுமா?

ஆணி பதித்த ரயர் சைக்கிளுக்கும் உண்டு. பனிக்கட்டியில் அதற்கு மாற்றில்லை. காய்ந்த ரோட்டில் இரைச்சல், மெதுவாகவும் போகும். ஒன்றுக்குத்தான் காசு என்றால் முன் சில்லுக்குப் போடுங்கள். பின் சில்லு சறுக்கினால் பெரும்பாலும் சமாளிக்கலாம், முன் சில்லு சறுக்கினால் கீழேதான். போட்டதும் முதல் நாற்பது கிலோமீற்றரை சாதாரண ரோட்டில் நிதானமாக ஓடுங்கள், ஆணிகள் ரயரில் தங்கள் குழிகளுக்குள் இறுகும். ஆணி ரயர் போடும்வரை சாதாரண ரயருக்குக் காற்றைப் பாருங்கள். 20 பாகையில் 60 இறாத்தல் அடித்தது 0 பாகையில் 55 அளவுக்கு இறங்கிவிடும்.

மகளை இழுவை வண்டியில் வைத்து டேகெயாருக்குக் கொண்டுபோகிறேன். தொடரலாமா?

தொடரலாம். ஆனால் நீங்கள் மிதிக்கிறீர்கள், பிள்ளை அசையாமல் இருக்கிறாள். உங்களுக்கு வியர்க்கிற நாளிலும் அவளுக்குக் குளிரும். வழியில் ஒருமுறை நிறுத்தி, கையைப் பார்க்காமல் கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே சூடாக இருந்தால் சரி. பனிக்கட்டி நாளில் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

அப்பாவுக்கு 64 வயது, பிரசர் மருந்து எடுக்கிறார். கோடையில் தினமும் சைக்கிளில் கடைக்குப் போவார். இப்போதும் போகிறேன் என்று நிற்கிறார். தடுக்கவா?

தடுப்பதற்கு முன் அவரோடு டொக்டரிடம் போங்கள். குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்கி பிரசரை ஏற்றும், அதனால் இதை நானோ நீங்களோ முடிவு செய்யக் கூடாது. டொக்டர் சம்மதித்தால் விடியற்காலை வேண்டாம், பதினொரு மணிக்கு ரோட்டுக் காய்ந்த பிறகு போகட்டும். முதல் பத்து நிமிடம் மெதுவாக மிதிக்கட்டும். மூக்கையும் வாயையும் மெல்லிய துணியால் மூடினால் உள்ளே போகிற காற்று கொஞ்சம் சூடாகும். இருக்கையை ஒரு விரல் அளவு பதித்துவிடுங்கள், சறுக்கினால் கால் உடனே நிலத்தில் படும். ஸ்னோ விழுந்துவிட்டால், அது அழிந்து ரோட்டுக் காயும்வரை அவர் சைக்கிள் ஓய்வெடுக்கட்டும்.

பூட்டு உறைந்துவிட்டது. சுடுதண்ணி ஊற்றலாமா?

வேண்டாம், அந்தத் தண்ணீரே திரும்ப உறையும். சாவியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்கி மெதுவாகச் செருகுங்கள், அவசரப்பட்டு முறுக்கினால் சாவி உள்ளேயே முறியும். அடுத்த முறை பூட்டும்போது சாவித் துவாரம் நிலத்தைப் பார்க்கட்டும்.