வாசகர் கேள்வி பதில்: செப்ரெம்பரில் திறக்கும் பூட்டிய கதவுகள்

கேள்வி: மகளும் மருமகனும் நெதர்லாந்தில் உட்ரெக்ட் நகரத்தில் இருக்கிறார்கள். செப்ரெம்பரில் அங்கே போக இருக்கிறேன். பழைய கட்டடங்களை எல்லோரும் உள்ளே போய்ப் பார்க்கத் திறந்துவிடும் நாள் ஒன்று அந்த மாதத்தில் வரும் என்று மகள் சொல்கிறாள். என்ன திகதி? காசு கட்ட வேண்டுமா? எனக்கு 63 வயது, படிகள் ஏறலாமா?
(ஆரையம்பதி வாசகி)

பதில்: அந்த நாட்டில் அதை ‘ஓப்பன் மொனுமென்டன்டாக்’ என்பார்கள். 1987இல் தொடங்கியது. இப்போது செப்ரெம்பரின் இரண்டாம் சனிக்கிழமையும் அதையடுத்த ஞாயிறும் நடக்கிறது. நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கட்டடங்கள் திறக்கும், பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமில்லை.

ஒவ்வொரு ஊரிலும் ஓர் உள்ளூர்க் குழு இருக்கிறது. எந்தக் கட்டடம், எந்த நாள், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்பதை அந்தக் குழுவே தீர்மானிக்கும். ஆகையால் இரண்டு நாளும் எல்லாம் திறந்திருக்கும் என்று நம்பிப் போனால் ஏமாற்றம்தான். சில ஊர்களில் சனிக்கிழமை மட்டும். தேவாலயங்கள் ஞாயிறு காலை ஆராதனை முடிந்த பிறகே பார்வையாளரை விடும். சனிக்கிழமையை வீடுகளுக்கும் மற்றக் கட்டடங்களுக்கும் வைத்து, ஞாயிறு பின்னேரத்தைத் தேவாலயங்களுக்கு ஒதுக்குங்கள். ஊர்க் குழு வெளியிடும் பட்டியலை மகள் முன்னதாகவே எடுத்துவைக்கட்டும். சிறிய இடங்களுக்குப் பெயர் பதிய வேண்டியிருக்கும், அந்த இடங்கள் சீக்கிரம் நிரம்பிவிடும்.

எதைத் தெரிவுசெய்வது என்பதில்தான் பலர் பிழை விடுகிறார்கள். உட்ரெக்டின் டொம் கோபுரம் 112 மீற்றர் உயரம், 465 படிகள். அதை வேறு நாட்களிலும் ரிக்கெற் எடுத்து ஏறிப் பார்க்கலாம். இந்த இரண்டு நாளை அதற்குச் செலவழிக்க வேண்டாம். மற்ற நாளில் பூட்டியே கிடக்கும் இடங்களுக்குப் போங்கள்: ஆட்கள் குடியிருக்கும் பழைய கால்வாய்க்கரை வீடுகள், நீர்த்தாங்கிக் கோபுரங்கள், பழைய நீர் இறைக்கும் நிலையங்கள். உட்ரெக்டில் கால்வாய் மட்டத்திலேயே, தெருவுக்கு அடியில், துறைமேடையை ஒட்டிய நிலவறைகள் உண்டு. படகில் வந்த சரக்கு நேரே உள்ளே போகக் கட்டியவை. பட்டியலில் அப்படி ஒன்று இருந்தால் அதையே முதலில் பாருங்கள்.

படிகளைப் பற்றிக் கேட்டது நல்லது. பழைய கால்வாய்க்கரை வீடுகள் ஒடுக்கமான நிலத்தில் எழுந்தவை. படிக்கட்டு ஏணி போல் செங்குத்தாக நிற்கும், படியின் அகலத்தில் முழுப் பாதம் கொள்ளாது. சாமான்களை அந்தப் படியால் ஏற்ற முடியாது என்பதால்தான் முகப்பின் உச்சியில் கொக்கி போட்ட மரச்சட்டம் நீண்டுகொண்டிருக்கிறது, கயிறு கட்டி இழுப்பார்கள். இறங்கும்போது முகத்தைப் படியின் பக்கம் வைத்து, கைப்பிடியையோ கயிற்றையோ விடாமல், பின்புறமாக இறங்குங்கள். சேலைக் கரை காலில் மாட்டும், அன்றைக்குச் சுரிதார் உடுத்துவது பாதுகாப்பு. குதி உயர்ந்த சப்பாத்து மரத்தளத்தைக் குழிவிழச் செய்யும் என்று சில வீடுகளில் மறிப்பார்கள். முழங்கால் வலி உள்ளவர் கீழ்த்தளத்தையும் முற்றத்தையும் பார்த்துவிட்டு வரலாம், குறை ஒன்றும் இல்லை.

பெரிய பைகளை விடமாட்டார்கள். கழிப்பறை இல்லாத கட்டடங்கள் நிறைய, எனவே ரயில் நிலையத்தில் இருக்கும்போதே யோசியுங்கள். சனி ஞாயிறுகளில்தான் அங்கே தண்டவாளத் திருத்த வேலை வைப்பார்கள். ரயிலுக்குப் பதில் பஸ் விடப்பட்டால் ஒரு மணித்தியாலம் கூடப் போகும். குடியிருக்கும் வீட்டுக்குள் படம் எடுக்க முன் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.

விசா விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். ஆவணி வரை காத்திருந்தால் திறந்த நாள் கைவிட்டுப் போய்விடும்.

கேள்வி: தம்பி ஜேர்மனியில், மச்சான் சுவிஸில், சித்தப்பா லண்டனில். அங்கேயும் இதே நாளா?
(அக்கரைப்பற்று வாசகர்)

பதில்: மாதம் ஒன்று, நாள் வேறு. ஜேர்மனியில் 1993 முதல் செப்ரெம்பரின் இரண்டாம் ஞாயிறு, ஒரே ஒரு நாள். பிரான்ஸ் மூன்றாம் வார இறுதி. இந்த வழக்கத்தை 1984இல் தொடங்கிவைத்த நாடும் அதுதான். இங்கிலாந்தில் 1994 முதல் செப்ரெம்பரில், பல நாட்களாக நீளும். லண்டனுக்குத் தனியாக ஒரு திறப்பு விழாவும் உண்டு. சுவிஸிலும் செப்ரெம்பரில்தான்.

ஒரு கண்ணி இருக்கிறது. ‘இரண்டாம் ஞாயிறு’ என்பதும் ‘இரண்டாம் சனியை அடுத்த ஞாயிறு’ என்பதும் எல்லா ஆண்டும் ஒன்றல்ல. 2024இல் செப்ரெம்பர் முதலாம் திகதியே ஞாயிறு. ஜேர்மனி 8ஆம் திகதி திறந்தது, நெதர்லாந்து 14, 15இல் திறந்தது. எல்லை தாண்டி இரண்டையும் பார்க்க நினைப்பவர்கள் கலண்டரைப் பார்த்து எண்ணவேண்டும்.

கேள்வி: ஒல்லாந்தர் கட்டியாண்ட எங்கள் கோட்டைக்கும் அவர்களுடைய நாட்டுக்கும் உள்ள தொடர்பை அங்கே போனால் எங்கே பார்க்கலாம்?
(புளியந்தீவு வாசகர்)

பதில்: முதலில் ஒரு திருத்தம். மட்டக்களப்புக் கோட்டையை 1628இல் கட்டியவர்கள் போர்த்துக்கேயர். 1638 மே 18இல் வெஸ்ரர்வோல்ட் தலைமையில் வந்த ஒல்லாந்தர் இரண்டாம் இராஜசிங்க மன்னனின் படையோடு சேர்ந்து அதைப் பிடித்தார்கள். நான்கு கொத்தளம், இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி.

ஆனால் ஒல்லாந்தர் இங்கே வந்த கதை அதற்கு 36 ஆண்டு முந்தியது. 1601 மே மாதம் சீலாந்து மாகாணத்தின் வேரே துறையிலிருந்து மூன்று கப்பல்களோடு புறப்பட்ட ஜோரிஸ் வான் ஸ்பில்பேர்கன், 1602 மே 31இல் மட்டக்களப்புக் கரையில் நங்கூரம் போட்டார். இங்கிருந்துதான் கண்டிக்குப் போய் விமலதர்மசூரிய மன்னனைக் கண்டார். நம்மூரவர் ஒருவர் அந்த நாட்டில் ஒரு நாள் மட்டும் செலவழிக்க முடியுமென்றால் வேரேக்கே போகவேண்டும் என்பது எங்கள் கருத்து. மிடில்பேர்க் வரை ரயில், அதன்பின் ஏழு கிலோமீற்றர் அளவு பஸ். உட்ரெக்டிலிருந்து ரயிலுக்கே இரண்டு மணித்தியாலத்துக்கு மேல், ஆகவே விடியவே கிளம்புங்கள். சின்ன ஊர். துறையும் பெரிய தேவாலயமும் துறைமுகக் கோபுரமும் நடந்தே பார்த்து முடிக்கலாம். மிடில்பேர்க், ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு கிளைகளில் ஒன்று இருந்த நகரம். அதன் நடுப்பகுதி 1940 மேயில் போரில் எரிந்தது. இன்று பழமையாய்த் தெரியும் பல முகப்புகள் பிறகு திருப்பிக் கட்டியவை என்பதை மனத்தில் வைத்துப் பாருங்கள்.

அம்ஸ்ரர்டாமில் கம்பனியின் தலைமையகமான கிழக்கிந்திய இல்லம் 1606இல் எழுந்தது, இப்போது பல்கலைக்கழகக் கட்டடம். ஹேக் நகரில் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டி இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் கம்பனியின் ஏடுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, 1 கிலோமீற்றருக்கும் கூடிய நீளம். யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் 2003இல் சேர்ந்தவை. நிறையப் பக்கங்கள் இணையத்தில் கட்டணமின்றிப் பார்க்கக் கிடைக்கின்றன. கொழும்பில் நமது தேசிய சுவடிகள் கூடத்திலும் ஒல்லாந்தர் காலப் பதிவேடுகள் உண்டு, அதற்கு விசா தேவையில்லை.

கேள்வி: எங்கள் பாடசாலையில் மாடியோடு கூடிய பழைய சுண்ணாம்புக் கட்டடம் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. பழைய மாணவர் சங்கம் ஒரு நாள் திறந்து ஊராருக்குக் காட்ட விரும்புகிறது. எப்படி நடத்துவது?
(கல்முனை வாசகர்)

பதில்: நல்ல முயற்சி, செய்யுங்கள். முதலில் அனுமதி. அதிபரும் வலயக் கல்வி அலுவலகமும் எழுத்தில் தரவேண்டும். கட்டடம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவிக்கப்பட்டதா என்று தொல்பொருள் திணைக்களத்தில் கேளுங்கள். அறிவிக்கப்பட்டதென்றால் ஓர் ஆணி அடிக்கக்கூட அவர்களின் ஒப்புதல் வேண்டும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் அதைத்தான் சொல்கிறது.

அடுத்தது திகதி. ஐப்பசி முதல் தை வரை வாடைமழை, வேண்டாம். சுவர் ஊறிக் கிடக்கும், தளம் வழுக்கும். ஆடி, ஆவணியில் வையுங்கள். கச்சான் காற்று அடிக்கும், ஆனால் கட்டடம் உலர்ந்திருக்கும். காலை 8 முதல் 12 வரையும் பின்னேரம் 3 முதல் 6 வரையும் திறந்தால் வெயிலில் வரிசை நிற்காது.

திறப்பு விழாவுக்கென்று சுவருக்கு எமல்ஷன் அடிக்கவே கூடாது, சீமெந்து பூசவும் கூடாது. இதைக் கையெடுத்துக் கேட்கிறோம். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சி வெளியே விடும். மேலே படலம் போட்டு அடைத்துவிட்டால் ஈரம் உள்ளே தங்கும். கடல் பக்கத்தில் அந்த ஈரத்தோடு உப்பும் சேரும், உப்பு படிகமாகும்போது பூச்சு பொரிந்து கட்டி கட்டியாக விழும். இரண்டு வருடத்தில் சுவர் முன்பைவிட மோசமாகும். வெள்ளையடிக்கத்தான் வேண்டுமென்றால் நீற்றிய சுண்ணாம்பு போதும். பழைய கறையை அப்படியே விட்டாலும் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

மாடியைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். சாதாரண வீட்டு மாடித் தளம் சதுர மீற்றருக்குச் சுமார் 150 கிலோ நிறை தாங்கும் என்ற கணக்கில்தான் எடுக்கப்படும். ஆட்கள் நெருக்கி நின்றால் ஒரு சதுர மீற்றரில் நால்வர், 250 கிலோ தாண்டும். ஒருவர் ஏதோ காட்டினால் எல்லோரும் அந்த மூலைக்கு நகர்வார்கள், நிறை முழுவதும் ஒரே இடத்தில் விழும். தளத்தைத் தாங்கும் மரவளையின் முனை சுவருக்குள் போகும் இடத்தில்தான் கறையான் முதலில் வேலை காட்டும், வெளியே ஒன்றும் தெரியாது. தச்சர் ஒருவர் திருப்புளியால் குத்திப் பார்க்கட்டும். இலகுவாக இறங்கினால் மாடியைப் பூட்டிவிட்டுக் கீழே மட்டும் காட்டுங்கள். சந்தேகம் இருந்தால் பொறியியலாளர் ஒருவர் பார்த்துச் சொல்லும்வரை யாரையும் ஏற்றவேண்டாம்.

ஒரு குழுவில் 12 பேர். சுற்றிக் காட்ட 20 நிமிடம், இறங்கி அடுத்தவர் ஏற 10 நிமிடம். ஏழு மணித்தியாலத்தில் 14 குழு, மொத்தம் 168 பேர். இதற்குமேல் ஆசைப்பட்டால் படியில் ஏறுபவரும் இறங்குபவரும் முட்டிக்கொள்வார்கள். வாசலில் இலக்கம் போட்ட துண்டு கொடுங்கள், துண்டில் நேரத்தையும் எழுதுங்கள், மற்றவர்கள் மரநிழலில் காத்திருக்கலாம். வாசலில் ஒருவர், படியின் அடியில் ஒருவர், மேலே ஒருவர், விளக்கம் சொல்பவர் இன்னொருவர். இந்த நால்வருக்கும் மாற்றாள் வேண்டும்.

விளக்கம் சொல்பவர் ஆண்டுகளை அடுக்காமல் கட்டடத்தைக் காட்டட்டும்: சுவர் ஏன் இவ்வளவு தடிப்பு, ஓட்டின் கீழே காற்று எப்படிப் போகிறது, கதவின் பிணைச்சல் எந்தக் காலத்தது. பழைய மாணவரிடம் இருக்கும் குழுப்படங்களை மேசையில் வையுங்கள். மூலப் படம் வேண்டாம், பிரதி போதும்.

குழு இறங்கும்போது துண்டுகளை வாங்கி எண்ணுங்கள், 12 திரும்பினால்தான் அடுத்த குழு ஏறலாம். எண்ணிக்கை குறைந்தால் யாரோ மேலே நிற்கிறார், போய்ப் பாருங்கள்.