செட்டிநாட்டு வீடும் மலிவு ஜூமும்: ஃபிலிம் கேமரா கேள்வி பதில்

35 மி.மீ. ஃபிலிம் கேமராவில் போடும் 35-70, 28-80 வகை மலிவு ஜூம் லென்ஸ்கள் பற்றி காரைக்குடி வட்டாரத்து அன்பர்கள் கேட்டவையும் அவற்றுக்கான பதில்களும். 35, 50, 70 என்பவை மி.மீ.யில் லென்ஸின் குவியத் தூரம்; எண் சிறிதானால் காட்சி அகலமாகும். எஃப் எண் சிறிதானால் உள்ளே வரும் வெளிச்சம் கூடும்.

கானாடுகாத்தான்: அண்ணே, பழைய 35-70 எஃப் 3.5-4.5 ஒன்று மலிவாக வருகிறது. கையில் 50 எஃப் 1.8 இருக்கிறது. வீடுகளுக்குள் எடுக்கத்தான் ஆசை. வாங்கலாமா?

வாங்குங்கள், ஆனால் 50-ஐ விற்றுவிடாதீர்கள். மலிவு ஜூம் என்றால் கூர்மை போய்விடும் என்றுதான் பலரும் பயப்படுகிறார்கள். எஃப் 8-ல் வைத்தால் 8x10 அங்குலப் பிரிண்டுக்கு அதன் கூர்மை தாராளம். கையை விட்டுப் போவது வெளிச்சமும் நேர்க்கோடும். நம் வீடுகளுக்கு அந்த இரண்டும்தான் வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் 400 வேக (ஐ.எஸ்.ஓ.) ஃபிலிமில் எஃப் 4-க்கு மீட்டர் 1/8 நொடி காட்டினால் கையில் பிடித்து எடுக்க முடியாது. அதே வெளிச்சத்தில் எஃப் 2 என்றால் 1/30 கிடைக்கும். தூணில் சாய்ந்துகொண்டு எடுத்துவிடலாம். ஆனால் 5 மீட்டர் தள்ளி நின்றால் 50-ல் 3.6 மீட்டர் அகலம்தான் அடங்கும். 35-ல் 5.1 மீட்டர், 28-ல் 6.4 மீட்டர். பின்னால் போக இடமில்லாத பட்டாலையில் (கூடத்தில்) இந்த வித்தியாசம் பெரிது. ஆகவே ஜூமுக்கு ட்ரைபாட், கையில் பிடிக்க 50. ட்ரைபாட் வைக்க விடாத வீடு என்றால் ஹெச்பி5 பிளஸ் (400 வேகக் கறுப்பு-வெள்ளை ஃபிலிம்) போட்டு, மீட்டரை 1600-ல் வைத்து எடுத்து, அதற்கேற்பக் கூடுதல் நேரம் டெவலப் செய்யச் சொல்லுங்கள். படத்தின் மணி (கிரெய்ன்) பெரிதாகும், படம் ஆடாது.

ஆத்தங்குடி: தரைக்கல் வரிசை ஓரத்தில் வில்லாக வளைகிறது. எஃப் 11 வைத்தும் சரியாகவில்லையே?

ஆகாது. அப்பர்ச்சரை (ஒளி புகும் துளையை) எவ்வளவு சுருக்கினாலும் இந்த வளைவு அப்படியேதான் இருக்கும். அது லென்ஸின் அமைப்பிலேயே உள்ளது. 35-ல் கோடுகள் பீப்பாய் போல வெளியே உப்பும், 70-ல் உள்ளே குழியும். நடுவில் ஓரிடத்தில், பெரும்பாலும் 40-க்கும் 50-க்கும் இடையில், கோடு நேராகும். உங்கள் லென்ஸில் அது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. கதவு நிலையின் நேர்ச்சட்டத்தை வியூஃபைண்டரின் ஓரத்தில் வைத்து ஜூம் வளையத்தை மெல்லத் திருப்புங்கள். சட்டம் நிமிரும் இடத்தில் சிறு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அகலம் கட்டாயம் வேண்டுமென்றால் 35-லேயே எடுங்கள். ஆனால் கல் இணைப்புக் கோடு எதுவும் சட்ட ஓரத்தை ஒட்டி ஓடாதபடி நில்லுங்கள். வளைவு ஓரத்தில்தான் அதிகம்.

1963-ல் வந்த நிக்கான் 43-86 எஃப் 3.5 இந்த வளைவுக்கே பெயர் போனது. தரைக்கல் எடுப்பவர்கள் அதைத் தொட வேண்டாம்.

தேக்குத் தூண்கள் மேலே ஒன்றையொன்று நோக்கிச் சாய்வது வேறு விஷயம். அங்கே லென்ஸைக் குறை சொல்ல முடியாது, கேமராவை அண்ணாந்து பிடித்ததால் வருவது. கேமராவை மட்டமாக வைத்து, கீழே கூடுதலாக விழும் தரையைப் பிரிண்டில் வெட்டிவிடுங்கள்.

தேவகோட்டை: ஜூம் போட்டதும் வியூஃபைண்டர் நடுவட்டத்தில் பாதி கறுப்பாகிறது. கேமரா கெட்டுவிட்டதா?

இல்லை. அது ஃபோகஸ் பார்ப்பதற்கான, இரண்டாகப் பிளந்த வட்டம்; வேலை செய்ய வெளிச்சம் வேண்டும். எஃப் 4.5-ஐத் தாண்டினால் ஒரு பாதி இருட்டத் தொடங்கும். கண்ணை நடுவில் நேராக வைத்துப் பாருங்கள். அப்படியும் தெரியாவிட்டால் சுற்றியுள்ள சொரசொரப்பான பகுதியில் ஃபோகஸ் செய்யுங்கள்.

70-ல் ஃபோகஸ் செய்துவிட்டு 35-க்குத் திரும்பும் பழக்கம் இருந்தால் ஒரு சோதனை. 2 மீட்டரில் உள்ள கதவுத் தாழ்ப்பாளை 70-ல் ஃபோகஸ் செய்து தூர எண்ணைக் குறியுங்கள். 35-ல் புதிதாக ஃபோகஸ் செய்து எண்ணைப் பாருங்கள். நான்கைந்து முறையும் ஒரே பக்கமாக நகர்ந்தால் உங்கள் லென்ஸ் ஃபோகஸைப் பிடித்து வைக்காத வகை. எந்த அளவில் எடுக்கிறீர்களோ அந்த அளவிலேயே ஃபோகஸ் செய்யுங்கள்.

பள்ளத்தூர்: சார், நிக்கான் டிஜிட்டல் கேமராவோடு வந்த 18-55-ஐ நிக்கான் எஃப்எம்10 ஃபிலிம் கேமராவில் போடலாமா?

மாட்டும், உதவாது. சிறிய சென்சாருக்குச் செய்தது என்பதால் மூலைகள் கறுக்கும். அப்பர்ச்சர் வளையமும் இல்லை. எஃப்எம்10-ல் அது மிகச் சிறிய துளையிலேயே நிற்கும். பெயரில் ஜி எழுத்துள்ள நிக்கான் 28-80-க்கும் இந்த இரண்டாவது சிக்கல் உண்டு.

காரைக்குடி: பழைய கடையில் வாங்கும்போது எதைப் பார்ப்பது?

பின்பக்கமிருந்து டார்ச் அடித்து முன்னால் சாய்வாகப் பாருங்கள். வலைபோல நூல் தெரிந்தால் பூஞ்சை, பால்போல மங்கினால் உள்புகை, விளிம்பில் வானவில் நிறம் தெரிந்தால் ஒட்டிய கண்ணாடி பிரிகிறது. மூன்றில் எது இருந்தாலும் விட்டுவிடுங்கள். சில தூசிகள் இருந்தால் பரவாயில்லை. அப்பர்ச்சர் நெம்பைத் தட்டினால் இதழ்கள் சட்டென்று மூட வேண்டும். சோம்பி மூடினால் எண்ணெய் இறங்கியிருக்கிறது, படம் கூடுதல் வெளிச்சத்தில் வெளுக்கும். இழுத்துத் தள்ளும் ஜூமைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். தானாக வழுகினால் ட்ரைபாடில் தரையைப் பார்த்து வைக்கவே முடியாது.

தேடுவதற்கு நல்லவை: மினோல்டா எம்டி 35-70 எஃப் 3.5, நிக்கான் சீரிஸ் ஈ 36-72 எஃப் 3.5, கேனான் எஃப்டி 35-70 எஃப் 4. மூன்றிலும் ஜூம் செய்தாலும் எஃப் எண் மாறாது; கைக்கணக்கில் ஃபிளாஷ் போடுபவருக்கு அது பெரிய நிம்மதி.

வாங்கியதைத் தோல் உறைக்குள் பூட்டி வைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் பூஞ்சை அங்கேதான் பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். ஜெல்லின் நிறம் மாறினால் அதை 120 டிகிரி செல்சியஸ் அவனில் இரண்டு மணி நேரம் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம்.

மீண்டும் கானாடுகாத்தான்: வளவில் (முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) முற்றத்து வானம் தெரிந்தாலே படம் முழுதும் வெளுத்துவிடுகிறதே அண்ணே?

யு.வி. ஃபில்டரை முதலில் கழற்றுங்கள். ஜூமில் கண்ணாடித் துண்டுகள் அதிகம், அவற்றுக்கிடையே ஒளி எதிரொளித்துக் கறுப்பைச் சாம்பலாக்கும். 35-க்குப் பொருந்தும் ஹூட் (லென்ஸ் முன் மாட்டும் நிழல் மறைப்பு) 70-ல் அதிகம் பயன் தராது, அதனால் இடது கையால் லென்ஸுக்கு மேல் நிழல் பிடியுங்கள். வானம் சட்டத்துக்குள்ளேயே விழுகிறது என்றால் ஒரு தூணை அதன் முன் வருமாறு ஓரடி நகருங்கள். மீட்டரைத் தூண் நிழலுக்குப் பார்த்து வையுங்கள். கலர் நெகட்டிவ் ஒன்றிரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு) கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கிக்கொள்ளும்.