பாலைவனத்தில் கைவிடப்பட்ட சுரங்க ஊர் எதையாவது சுற்றிப் பார்த்திருக்கிறீர்களா? அங்கே பார்க்க என்ன இருக்கிறது?

பார்த்திருக்கிறேன். சிலி நாட்டின் வடக்கே, அட்டகாமா பாலைவனத்தில் இருக்கும் ஹம்பர்ஸ்டோன். இக்கிக்கே துறைமுகத்திலிருந்து கிழக்கே சுமார் 48 கி.மீ. இரண்டு மணி நேரத்தில் பார்த்துவிட்டுத் திரும்பலாம் என்று போனேன். கதவை அடைக்கும் வரை அங்கேயே இருந்தேன்.

1872-ல் லா பால்மா என்ற பெயரில் தொடங்கிய ஊர் அது. அங்கே நிலத்தடியில் கலீச்சே என்ற கெட்டியான உப்புப்பாறை கிடைக்கிறது. அதை வெட்டி உடைத்து, பெரிய தொட்டிகளில் கொதிக்கவைத்துச் சோடியம் நைட்ரேட் எடுத்தார்கள். உரத்துக்கும் வெடிமருந்துக்கும் அது கப்பல் கப்பலாகப் போனது. நீரில் கரைந்துபோகும் உப்பு அது. மழை இல்லாததால்தான் அங்கே தங்கியது. வீடுகளின் மரப்பலகைகள் இன்றும் மக்காமல் நிற்பதற்கும் அதே காரணம்தான்.

வருகிறவர்கள் முதலில் நீச்சல் குளத்தைத் தேடுகிறார்கள். நானும் அப்படித்தான். பாலை நடுவே முழுக்க இரும்புத் தகட்டால் ஆன குளம். உடைந்த கப்பல் ஒன்றின் இரும்பு என்கிறார்கள். விளிம்பில் உட்கார்ந்து ரிவிட் வரிசையைத் தடவினேன், துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. பக்கத்தில் தியேட்டர், மர நாற்காலிகள் வரிசை கலையாமல். காற்று அடிக்கும்போதெல்லாம் கூரைத் தகரம் படபடவென்று அடித்துக்கொள்ளும். வேறு சத்தமே கிடையாது.

ஆனால் நீங்கள் போனால் முதலில் கடைக்குப் போங்கள். புல்பெரியா என்பார்கள். அந்தக் காலத்தில் இந்தப் பகுதியின் நைட்ரேட் நிறுவனங்கள் கூலியைப் பணமாகத் தராமல் ஃபிச்சா என்ற வில்லைகளாகக் கொடுத்தன. அவை அந்தந்த நிறுவனத்தின் கடையில்தான் செல்லும். கொடுக்கிற கூலி அப்படியே முதலாளியின் கல்லாவுக்கே திரும்பிவிடும். 1907-ல் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து இக்கிக்கேக்கு வந்தார்கள். வில்லைக்கு முழு மதிப்பு வேண்டும், வாங்கிய பொருளைச் சரிபார்க்கக் கடைக்கு வெளியே ஒரு தராசு வேண்டும், கொதிக்கும் தொட்டிகளுக்கு மேலே இரும்புக் கிராதி வேண்டும். கேட்டவற்றில் சில இவை. டிசம்பர் 21 அன்று சாந்தா மரியா பள்ளியில் கூடியிருந்தவர்களை ராணுவம் சுட்டது. அதைத் தெரிந்துகொண்டு அந்தக் கடையில் நிற்பதும், தெரியாமல் படம் எடுத்துக்கொண்டு நகர்வதும் ஒன்றல்ல. குளமும் தியேட்டரும் அதற்குக் கால் நூற்றாண்டுக்குப் பிறகு வந்தவை.

ஊரைச் சாய்த்தது ஜெர்மனியின் ஹேபர்-பாஷ் முறை. காற்றில் இருக்கும் நைட்ரஜனிலிருந்தே உரம் செய்ய முடிந்த பிறகு, பாறையை உடைத்து எடுப்பது கட்டுப்படியாகவில்லை. 1934-ல் புது நிறுவனம் ஊருக்குப் பெயர் மாற்றி, ஆலையைப் புதுப்பித்துப் பார்த்தது. 1960-ல் மூடிவிட்டார்கள். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது.

தண்ணீர் நிறையக் கொண்டுபோங்கள். தடித்த அடிப்பாகம் உள்ள காலணி கட்டாயம், பலகைகளில் ஆணி நீட்டிக்கொண்டிருக்கும். அப்புறம், பக்கத்திலேயே இருக்கும் சாந்தா லாரா என்ற இன்னொரு நைட்ரேட் ஊரை விட்டுவிடாதீர்கள். உப்பைக் கொதிக்கவைத்த ஆலை அங்கேதான் இன்னும் நிற்கிறது. தொட்டிகளின் ஆழத்தை ஒருமுறை எட்டிப் பாருங்கள். அந்தக் கிராதியை ஏன் கேட்டார்கள் என்பது அங்கே உடனே புரியும்.